முனியாண்டியின் ஆடு எந்தக் கணக்கில் வரும்?

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். காற்றும் தண்ணீரும் மண்ணும் கெடாமல் இருப்பதற்காக இந்த நாட்டின் ஆலைகளும் தோட்டங்களும் சுரங்கங்களும் ஒரு வருடத்தில் எவ்வளவு செலவழிக்கின்றன என்று கேட்டு, சரிபார்த்து, மேலே அனுப்புவது. கேட்டவர் "ஓ" என்பார். அத்தோடு பேச்சு துரியான் விலைக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் மட்டும் விடமாட்டார். வீட்டுக் குழாயில் புதிதாக வடிகட்டி மாட்டிய அன்று, "இது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் செலவா, இல்லையா?" என்று வம்புக்கு இழுத்தார். "இல்லை, இது நம் வயிற்றுப் பாதுகாப்புச் செலவு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் எண்ணெய் பிடிக்கும் பெட்டி வைத்தீர்கள் என்றால் அது வேறு, அது சாக்கடையைக் காப்பாற்றும்" என்று நான் விளக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்டவர் அதற்குள் காரைக் கழுவப் போய்விட்டார்.

இதில் ஒரே ஒரு விதிதான் தாய்விதி: செலவின் முக்கிய நோக்கம் என்ன? புகைபோக்கியில் தூசு பிடிக்கும் கருவி வைத்தால் சேரும். தொழிலாளிக்கு முகக்கவசம் வாங்கினால் சேராது, அது ஆளைக் காப்பது. வாசலில் காகிதப்பூச் செடி நட்டால் சேராது, அது துரை வரும்போது பார்வைக்கு. எலி பிடிக்க ஆந்தை வளர்க்கும் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த ஆந்தைப் பெட்டியின் விலை எங்கே போகும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது சண்டை போட்டிருக்கிறோம். எனக்கு இந்தச் சண்டைகள் மிகவும் பிடிக்கும். ஒன்றை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டால் எனக்கு வரும் நிம்மதி, மற்றவர்களுக்குக் கோயிலுக்குப் போனால்தான் வரும் போலிருக்கிறது.

அப்படித்தான் அந்த ஆடுகள் என் மேசைக்கு வந்தன.

செண்டாயானில் என் வீட்டிலிருந்து போர்ட் டிக்சன் பக்கமாகப் போனால் ஒரு செம்பனைத் தோட்டம், அதன் நடுவில் ஒரு எண்ணெய் மில். பழத்தை அவித்துப் பிழிந்த பிறகு மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டால் மீன் செத்து மிதக்கும். அதனால் அதை வரிசையாக வெட்டிய குளங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வேலை செய்து, கடைசிக் குளத்துக்கு வரும்போது தண்ணீர் தெளிந்துவிடும். அடியில் மட்டும் சேறு தங்கிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு வருடங்களுக்கு ஒருமுறை எக்ஸ்கவேட்டர் இறக்கித் தூர்வார வேண்டும். அந்தத் தூர்வாரல் செலவு முழுக்க முழுக்க என் கணக்கில் சேர வேண்டியது.

அந்த வருடம் அந்த மில் தூர்வாரியிருந்தது. செலவைப் பிரித்து எழுதச் சொல்லியிருந்தோம், பிரித்து எழுதியிருந்தார்கள். எக்ஸ்கவேட்டர் வாடகை, லாரி, டீசல், ஆள்கூலி. அதற்குக் கீழே மலாயில் 'கம்பிங்', இரண்டு. ஆடு.

எனக்கு ஒரே குஷி. குளக்கரைப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்காமல் ஆடு விட்டு மேய்க்கிறார்கள்! மருந்து ஓடையில் கலக்காமல் இருக்க எவ்வளவு அழகான ஏற்பாடு! என் மேலதிகாரியிடம் போய், நெகிரி செம்பிலானிலேயே இப்படி ஒரு மில் இருக்கிறது என்று பெருமை அடித்தேன். நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். படம் எடுப்பதற்காக நல்ல கேமரா உள்ள என் மகளின் கைப்பேசியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மில் அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் சின்னச் சிலுவை, அதன் மேல் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். நான் நாலு வார்த்தை பேசியதுமே பிடித்துவிட்டார்.

"மேடம் சிலோன்காரங்களா?"

ஆமாம் என்றேன்.

"பார்த்தீங்களா! முன்ன இந்த நாற்காலியில உங்க ஆளுங்கதான் உக்காந்திருப்பாங்க. எங்க ஆளுங்க வெளிய நிப்பாங்க. இப்ப நான் இங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க." சொல்லிவிட்டு அப்படியொரு சிரிப்பு. நானும் சிரித்தேன். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை என் முன்னால் தள்ளினார்.

பசியாறிக்கொண்டே கேட்டேன். "ஆடுங்க எங்க மேயுதுங்க? ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"எந்த ஆடு?"

"குளத்துக்கு வாங்கினீங்களே, ரெண்டு ஆடு."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "மேடம், அதை அன்னிக்கே சாப்பிட்டாச்சு."

எனக்கு நாசி லெமாக் புரையேறிவிட்டது.

அவரே என்னைக் குளத்துக்கு அழைத்துப் போனார். இரண்டாவது குளத்துக்கும் மூன்றாவது குளத்துக்கும் நடுவில் கரை கொஞ்சம் அகலமாகிறது. அங்கே ஒரு பெரிய மரம், அதன் அடியில் தகரக் கூரை, சூலம், கையில் அரிவாளோடு முனியாண்டி சாமி. மில் கட்டுவதற்கு முன்பே அவர் அங்கே தோட்டத்து எல்லையைக் காத்துக்கொண்டிருந்தாராம். குளம் வெட்ட வந்தவர்கள் அவரைத் தொடத் துணியாமல் சுற்றி வெட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து, அந்தக் குளத்தில் மண்வெட்டி படுவதற்கு முன்னால் அவருக்கு ஆடு வெட்டிப் படையல் போட்டாக வேண்டும்.

"போடாட்டி?"

"போடாட்டி எவன் இறங்குவான்? எக்ஸ்கவேட்டருக்கு முதலாளி, சீனத் தவுக்கே இருக்காரே, அவரு படையல் முடிஞ்சுதான்னு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் லாரியையே எடுப்பாரு. டிரைவர் இறங்கலன்னா தூர் வார முடியாது. தூர் வாரலன்னா குளம் வழியும். வழிஞ்சா கறுப்புத் தண்ணி ஓடையில போவும், ஓடை கடலுக்குப் போவும், சி ரூசா பீச்சுல குளிக்கிறவன் எல்லாம் சொறிஞ்சிக்கிட்டு நிப்பான். அப்ப அந்த ஆடு சுற்றுச்சூழலுக்குத்தானே? எங்கலா தப்பு?"

வாதம் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பாதி ஆட்டின் மீது, பாதி என் மீது. மேலதிகாரியிடம் அளந்துவிட்டு வந்திருக்கிறேனே!

"அப்படிப் பார்த்தா டிரைவர் தின்ன நாசி லெமாக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புதானா?" என்றேன்.

"ஆமா, அதையும் எழுதியிருக்கேனே. ஆள்கூலிக்குள்ள இருக்கு. எடுத்துக் காட்டவா?"

"சாமிக்கு வச்ச சுருட்டு, பீரு?"

"சேச்சே, பீர எழுதுவேனா? அது என் சொந்தக் காசு." சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "நான் சர்ச்சுக்குப் போறவ. கம்பெனி காசுல பீர் வாங்கினேன்னு வரக்கூடாதுல்ல."

கர்த்தரை நம்பும் பெண், கறுப்பு பீர்ப் போத்தலைத் தன் காசில் வாங்கி முனியாண்டிக்கு வைக்கிறார். இதை எந்தப் பிரிவில் போடுவது என்று என்னிடம் யாரும் கேட்காதவரை எனக்கு நல்லது.

விதியை விளக்கினேன். ஆட்டின் முக்கிய நோக்கம் தண்ணீரைச் சுத்தமாக்குவது அல்ல. இதைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டது கோலாலம்பூரில் உள்ள தலைமையகம். அதனால் அவர்களிடம் கேட்டு, அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் நான் எதையும் அடிக்க முடியும். அதுதான் முறை.

தலைமையகம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அதுவரை மேடமாக இருந்த நான் தங்கச்சியானேன், அவர் எனக்கு அக்காவானார்.

"தங்கச்சி, வேணாம். இத்தனை வருசமா குளத்துச் செலவுன்னு ஒரே வரியில போயிட்டு இருந்துச்சு. அங்க யாரும் உள்ள என்னன்னு பார்த்ததில்ல. நீங்கதான் பிரிச்சி எழுதுங்கன்னு கேட்டீங்க. பொய் எழுதினா அபராதம்னும் போட்டிருந்துச்சு. நான் உண்மைய எழுதினேன். இப்ப அவங்களுக்குத் தெரிஞ்சா ஆட்ட வெட்டிடுவாங்க."

அவர் சொன்னது புரிந்தது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மரத்தடியில் இருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் சொன்னார். அவர் பிறந்தது அதே தோட்டத்து லயத்தில். அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்தாகிவிட்டது. பாதிப் பேர் செண்டாயானில் தொழிற்சாலை வேலை, பாதிப் பேர் நீலாயில் வீடு வாங்கிவிட்டார்கள். கல்யாணம் என்றால் பத்திரிகை கிடைத்தவன் மட்டும்தான் வருவான். முனியாண்டிக்குப் பத்திரிகை கிடையாது. தூர்வாரல் என்று காதில் விழுந்தால் போதும், எல்லாரும் வந்துவிடுவார்கள். அவருடைய தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பான். அம்மா போன பிறகு யாருக்காக வர வேண்டும் என்று ஒருமுறை கேட்டேவிட்டானாம். குளத்துப் படையலுக்கு மட்டும் வந்துவிடுகிறான், சின்ன வயதில் கூட ஓடிய பயல்கள் அத்தனை பேரும் வருவார்கள் என்று.

"எனக்கு அந்தச் சாமி இல்ல தங்கச்சி. ஆனா அந்த ஆடு நின்னா என் தம்பி நின்னுடுவான். அவ்வளவுதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் என் மண்டைக்குள் பஞ்சாயத்து. கண்டுகொள்ளாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு நாட்டின் கணக்கில் இரண்டு ஆடு. ஆனால் என்னால் முடியாது. வீட்டுக்காரர் சொல்வதுபோல் அது என் பிறவிக் குணம். இங்கே இரண்டு ஆடு, அடுத்த தோட்டத்தில் நான்கு கோழி, இன்னொரு ஆலையில் திறப்புவிழாச் சாப்பாடு என்று சேர்ந்துகொண்டே போனால், ஓடைக்காகச் செலவழித்தோம் என்று நாடு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும். உண்மையில் அது குழம்பில் கரைந்திருக்கும். பிறகு ஓடை நாறும்போது, இவ்வளவு செலவழித்தும் ஏன் நாறுகிறது என்று மேலே உட்கார்ந்து தலையைச் சொறிவார்கள். நான் இந்த மொத்தக் கணக்கை நேசிக்கிறேன். அதில் ஆடு மேயக்கூடாது.

மறுநாள் தலைமையகத்துக்குப் போன் போட்டேன். கணக்குப் பிரிவில் ஒரு சீனப் பெண், குரலில் வயது குறைவு. விவரம் சொன்னேன்.

"ஆடா?"

"ஆடு."

"உயிரோடவா?"

"வாங்கும்போது உயிரோட."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சில நாட்களில் பதில் வந்தது: ஆடுகளைச் சுற்றுச்சூழல் செலவிலிருந்து நீக்கவும். அவ்வளவே. நீக்கினேன். டிரைவர் தின்ன நாசி லெமாக் ஆள்கூலியின் பகுதி என்று ஒத்துக்கொண்டு அப்படியே விட்டேன். கணக்கு இப்போது தும்பைப் பூவாக இருந்தது. எனக்கு வழக்கமாக வரும் நிம்மதிதான் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. 'பசியாறிட்டீங்களா' என்று செய்தி அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. சரி, ஆட்டை வெட்டியது நான்தான் என்று முடிவாகிவிட்டது என நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மதிய வேளை. அக்காவின் அழைப்பு. எடுத்த எடுப்பில் ஒரே கத்தல். மில் சத்தம் வேறு. காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். திட்டு வாங்கத் தயாராக நின்ற எனக்கு, அது திட்டு இல்லை என்று உறைக்கவே நேரம் பிடித்தது.

"தங்கச்சி! வருசா வருசம்லா! வருசா வருசம்!"

நடந்தது இதுதான். குளத்துக் கணக்கிலிருந்து தூக்கிய ஆட்டை எங்காவது வைக்க வேண்டுமே! அந்தச் சீனப் பெண்ணும் என்னைப்போல் ஒன்றை உரிய இடத்தில் வைக்காமல் தூங்க முடியாத பிறவி போலும். தேடிப் பார்த்து, தொழிலாளர் நலன் என்ற பிரிவில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். தீபாவளி அன்பளிப்பு, நோன்பு துறப்பு விருந்து, குடும்ப தினம் எல்லாம் இருக்கும் பிரிவு அது. அங்கே போகும் எதற்கும் ஒரு குணம் உண்டு: அது வருடா வருடம் வரும். முனியாண்டி படையலுக்கு இனி குளம் தூர்ந்துபோகும்வரை காத்திருக்க வேண்டாம்.

"அந்தப் பொண்ணு என்னக் கேக்குது, 'ஏன் ஆன்ட்டி குளத்துக்குள்ள போட்டு மறைச்சீங்க, நேரா கேட்டிருந்தா முன்னாடியே குடுத்திருப்போமே'ன்னு. கேட்டா குடுப்பாங்கன்னு எவனுக்குலா தெரியும்! எங்க அப்பன் காலத்துலேர்ந்து நாங்க எதக் கேட்டோம்?"

சொல்லிவிட்டு ஓவென்று சிரித்தார். நானும் அலுவலகம் என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன். பக்கத்து மேசை மலாய்த் தோழி என்ன விஷயம் என்று கண்ணாலேயே கேட்டாள். ஆடு என்றேன்.

தூர்வாரல் இல்லாத அந்த முதல் படையலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. செம்பனை வரிசைக்குள் கார்களைச் செருகி நிறுத்தியிருந்தார்கள். கரையெல்லாம் கூட்டம். நேப்பாளப் பையன்கள் வெங்காயம் உரிக்க, வங்காளதேசத்துக்காரர் ஒருவர் பாட்டுப் பாடிக்கொண்டே விறகு தள்ளினார். நீலாயிலிருந்து வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அடையாளம் கண்டு அலறிக்கொண்டார்கள். தோண்டுவதற்கு ஒரு பிடி மண் இல்லாவிட்டாலும் சீனத் தவுக்கே ஒரு பை கமலாப்பழத்தோடும் ஊதுபத்திக் கட்டோடும் வந்திருந்தார். "போன தடவை என் மிஷின் ஒண்ணும் ஆவல. தேங்க் யூ சொல்ல வேணாமா?" என்று மலாய் கலந்த தமிழில் சொன்னார்.

பூசை நடக்கும்போது அக்கா கொஞ்சம் தள்ளி நின்றார். கும்பிடவும் இல்லை, கும்பிடாமலும் இல்லை. கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, சாமியைப் பார்க்காமல் கூட்டத்தையே எண்ணிக்கொண்டிருப்பதுபோல் பார்த்தார். தம்பி வந்திருந்தான். அக்காவின் அதே குரல். நாற்பதைத் தாண்டிய ஆள், நரைத்த கூட்டாளிகளோடு கடைசிக் குளத்தின் ஓரத்தில் நின்று, எவன் எப்போது எதில் விழுந்தான் என்று ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். கடைசிக் குளத்தில் தண்ணீர் தெளிந்து வானம் தெரிந்தது. என் கணக்குக்குள் இருந்த காசு அங்கே வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

என்னைப் பரிமாறும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். குழம்பு என் பொறுப்பு. யாருக்கும் குறையாமல், யாருக்கும் கூடாமல் ஊற்றினேன். "மேடம் கவர்மென்ட் ஆளு, கரண்டியில கூட கணக்கு" என்று ஒருவர் சொல்ல வரிசையே சிரித்தது. பிறகு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். கணக்கில் இல்லாத ஆடு அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வெயில் இறங்கும் நேரத்தில் கார்கள் கிளம்ப ஆரம்பித்தன. அக்கா மில் வாசலில் நின்று ஒவ்வொரு காராக வழியனுப்பினார், ஒவ்வொரு சன்னலிலும் ஒரு சோற்றுப் பொட்டலம். பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் நின்றார். "இத்தனை வருசமா இங்கேர்ந்து போறப்ப, அடுத்த தடவை வர்றேன்னு யாரும் சொன்னதில்ல தங்கச்சி. அடுத்த தூர்வாரல் எப்பன்னு யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள யார் இருப்பா, யார் இல்லன்னு" என்று அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

தம்பியின் கார் கடைசியில் வந்தது. பொட்டலத்தை வாங்கிப் பின்னிருக்கையில் வைத்தான். கண்ணாடியை ஏற்றப் போனவன் மறுபடி இறக்கினான்.

"அக்கா, அடுத்த வருசம் எந்த ஞாயித்துக்கிழம? இப்பவே சொல்லிடு. லீவு போடணும்."

என்னிடம் ஒரு கேள்விக்கு நாலு பதில் வைத்திருந்த பெண்மணி அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பிறகு கார்ச் சன்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே தேதியைச் சொன்னார்.